ராபின் சிங்: உழைப்பால் பெற்ற ஊர்

கிரிக்கெட் வரலாறு என்றதும் நூறுகளைக் குவித்தவர்களும் விக்கெட்டுகளை வீழ்த்தியவர்களுமே நம் நினைவுக்கு வருகின்றனர். மட்டை, பந்து, களம் என்னும் மூன்றிலும் தம் பங்கைச் செய்து, அணி தடுமாறும் வேளையில் தோள் கொடுக்கும் பல்துறை ஆட்டக்காரரை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அத்தகையோருள் ஒருவர் ராபின் சிங். அவருடைய வரலாறு விளையாட்டின் வரலாறு மட்டுமன்று. ஓர் ஊருக்கு உரியவராதல் எவ்வாறு என்பதன் வரலாறும் ஆகும்.

1845 முதல் 1917 வரை, கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்கென ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர் பலர் டிரினிடாட் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். அத்தீவின் இந்திய வழியினர் குடும்பம் ஒன்றில், பிரின்ஸஸ் டவுன் என்னும் ஊரில், 1963 செப்டம்பர் 14 அன்று ராபின் சிங் பிறந்தார். ரவீந்திர ராமநாராயண் சிங் என்பது அவரது முழுப்பெயர். முன்னோர் கடந்த கடலை அவர் 1980-களில் எதிர்த்திசையில் கடந்து, கல்வியின் பொருட்டுச் சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவாறே உள்ளூர்ப் போட்டிகளில் ஆடி, தமிழ்நாட்டு அணியிலும் இடம் பெற்றார். 1954-55-இல் ரஞ்சிக் கோப்பையை முதன்முறை வென்ற தமிழ்நாடு, எஸ். வாசுதேவன் தலைமையில் 1987-88-இல் அதனை மீண்டும் வென்றது. அந்த வெற்றியில் பங்குகொண்டவர்களுள் ராபினும் ஒருவர்.

மாநில அணியில் இடம் கிடைத்தது. நாட்டின் அணியில் இடம் பெறுவதற்கோ விலை ஒன்று கொடுக்க வேண்டியிருந்தது. இந்தியாவுக்காக ஆட வேண்டுமாயின் பிறந்த நாட்டின் குடியுரிமையைத் துறத்தல் வேண்டும். ராபின் துறந்தார். 1989 மார்ச்சு 11 அன்று போர்ட் ஆப் ஸ்பெயினில், மேற்கிந்தியத் தீவுகளின் அணியை எதிர்த்து, இந்தியாவுக்காகத் தம் முதல் ஒருநாள் ஆட்டத்தை ஆடினார். பிறந்த தீவிலேயே விருந்தினர் அணியின் வீரராக அவர் களமிறங்கிய நாள் அது. ஆயினும் இரண்டே ஆட்டங்களுக்குப் பின் அவருக்கு அழைப்பு வரவில்லை. ஏழு ஆண்டுகள் கழிந்தன. பிறந்த நாட்டையும் விட்டு, வந்த நாட்டின் அணியிலும் இடமின்றி நின்ற ஒருவர் மனம் கசந்திருந்தாலும் நாம் குறைகூற இயலாது. அவரோ தமிழ்நாட்டு அணிக்காக ஆண்டுதோறும் ஆடிக்கொண்டேயிருந்தார்.

1996-இல் மீண்டும் அழைப்பு வந்தபோது அவருக்கு வயது 33. பலர் ஓய்வை எண்ணத் தொடங்கும் அவ்வயதிலேதான் அவருடைய சிறந்த நாட்கள் பிறந்தன. 1997-இல் இலங்கையை எதிர்த்துக் கொழும்பில் நூறு ஓட்டங்கள் எடுத்தார். 1998 ஜனவரி 18 அன்று டாக்காவில் நடந்த இறுதியாட்டத்தில் பாகிஸ்தான் 48 ஓவர்களில் 314 ஓட்டங்கள் குவித்தது. அத்துணைப் பெரிய இலக்கை அதுவரை எந்த அணியும் எட்டியதில்லை. மூன்றாமவராக அனுப்பப்பட்ட ராபின், சவுரவ் கங்கூலியுடன் சேர்ந்து 179 ஓட்டங்கள் திரட்டினார். அவற்றுள் தாம் எடுத்தவற்றோடு மொத்தம் 82 ஓட்டங்கள் அவர் கணக்கில் சேர்ந்தன. ஒரு பந்து எஞ்சியிருக்க இந்தியா வென்றது.

எல்லா நாளும் அவ்வாறு அமையவில்லை. 1999 உலகக் கோப்பையில், லெஸ்டர் நகரில், ஜிம்பாப்வேயிடம் இந்தியா 3 ஓட்டங்களில் தோற்றது. வெற்றியின் வாயில்வரை அணியைக் கொண்டுசென்ற ராபின் 35 ஓட்டங்களில் ஆட்டமிழந்தார். ஒரு வாரம் கழித்து, டாண்டனில், இலங்கையின் ஐந்து விக்கெட்டுகளை 31 ஓட்டங்களுக்கு வீழ்த்தினார். டெஸ்ட் ஆட்டமோ ஒன்றே ஒன்றுதான் அவருக்குக் கிடைத்தது, 1998-இல் ஹராரேயில். 2001-இல் முடிவுற்ற அவரது ஒருநாள் ஆட்டக் கணக்கு: 136 ஆட்டங்கள், 2,336 ஓட்டங்கள், 69 விக்கெட்டுகள். பாய்ந்து விழுந்து அவர் தடுத்த ஓட்டங்கள் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

கணக்கில் ஏறாத அந்தத் திறனையே பின்னர் அவர் பிறருக்குக் கற்பித்தார். ஹாங்காங் அணிக்குப் பயிற்சி அளித்து, 2004 ஆசியக் கோப்பையில் அதனை ஆடச் செய்தார். 2007 முதல் 2009 வரை இந்திய அணியின் களத்தடுப்புப் பயிற்சியாளராக விளங்கினார். 2007-இல் முதலாவது இருபது ஓவர் உலகக் கோப்பையின்போது, டர்பனில், இந்தியாவும் பாகிஸ்தானும் சமநிலையில் முடித்தன. எவரும் மட்டையுடன் நில்லாத வெறும் விக்கெட்டைப் பந்தெறிந்து வீழ்த்துவோர்க்கே வெற்றி என்றாயிற்று. இந்தியர் மூவரும் வீழ்த்தினர். பாகிஸ்தானியர் மூவரும் தவறவிட்டனர். பயிற்சி நேரத்திலேயே இந்திய அணியினர் இதனைப் பழகி வைத்திருந்தனர் என்பதே அதன் மறைபொருள். அக்கோப்பையையும் இந்தியாவே வென்றது. 2010 முதல் மும்பை இந்தியன்ஸ் அணியிலும், 2020-இல் ஐக்கிய அரபு நாடுகளின் கிரிக்கெட் இயக்குநராகவும் அவர் பொறுப்பேற்றார்.

தாய்மொழி வழங்காத ஊர்களில் தொழிலும் வாழ்வும் அமைத்துக்கொண்ட நம்மனோர்க்கு இவ்வரலாறு நெருக்கமானது. வெளியூரிலிருந்து வந்தவரைத் தமிழ்நாடு தன்னவர் என்று ஏற்றது. அவரும் தம் ஆட்டத்தால் அவ்வுரிமையை நாள்தோறும் புதுப்பித்தார். குடியுரிமை ஒரு தாளில் கிடைத்துவிடும். ஊரின் உள்ளத்தில் இடம் பெறுவதற்கோ ஆண்டுகள் பல உழைத்தல் வேண்டும். அழைப்பு வாராத ஏழு ஆண்டுகளிலும் உழைத்தல் வேண்டும்.