ஆழ்துளையும் அறிஞர் அவையும்

புவியின் ஆரை ஏறத்தாழ 6,370 கிலோமீற்றர். மனிதன் இட்ட துளைகளுள் மிக ஆழமானதோ பதின்மூன்று கிலோமீற்றரையும் எட்டவில்லை. கண்டங்களின் அடியை ஆராய்வதற்கென இடப்பட்ட இத்தகைய துளைகளின் வரலாற்றில், துளைகருவி மண்ணைத் தொடுமுன் அறிஞர் கூடிச் செய்யும் ஆலோசனை சிறுகச் சிறுகப் பெற்ற இடம் நோக்கற்பாலது.

சோவியத்து நாட்டினர் நோர்வே எல்லைக்கு அண்மையிலுள்ள கோலா தீபகற்பத்தில் 1970ஆம் ஆண்டு மே மாதம் துளையிடத் தொடங்கினர். கருங்கற்பாறை முடிந்து பசாற்றுப் பாறை தொடங்கும் எல்லை ஏழு கிலோமீற்றர் அளவில் உண்டென்பது அக்காலத்தார் கொள்கை. நில அதிர்வலைகளின் வேகம் அவ்வாழத்தில் மாறுவதே அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. துளை அவ்வாழத்தைக் கடந்தும் பசாற்று தோன்றவில்லை. வெடிப்புற்று நீர் செறிந்த உருமாறிய பாறையே அலைகளின் வேகத்தை மாற்றியதென்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஒரு கொள்கை பிழையென நிறுவப்பட்டதே அத்துளையின் தலையாய பேறு எனலாம்.

1983இல் துளை 12,000 மீற்றரைக் கடந்தது. பின்னர் ஏறத்தாழ ஓராண்டு வேலை நின்றது. 1984இல் மொஸ்கோவிற் கூடிய சருவதேசப் புவிச்சரிதவியற் பேரவைக்கு வந்த அறிஞர் பலர் அத்துளையைச் சென்று கண்டனர். அவ்வாண்டு செப்டெம்பரில் வேலை மீளத் தொடங்கியபோது, ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர் நீளக் குழாய் முறிந்து உள்ளே வீழ்ந்தது. ஏழு கிலோமீற்றர் ஆழத்திலிருந்து வேறு வழியாகத் துளையிட நேர்ந்தது. 1989இல் 12,262 மீற்றர் எட்டப்பட்டது. அங்கே எதிர்பார்த்த வெப்பம் 100 பாகை செல்சியசு; இருந்ததோ 180 பாகை. அதற்குமேற் செல்லல் இயலவில்லை. உலகத்து அறிஞர் வந்தது காண்பதற்கேயன்றித் திட்டமிடுவதற்கன்று என்பது இங்கே கருதத்தக்கது.

ஜேர்மானியர் சற்று வேறு நெறி சென்றனர். கருங்காடு, மேற்பலற்றினேற்று என்னும் இரு பிரதேசங்களையும் பலவாறு ஆராய்ந்து ஒப்பிட்டு, 1986இற் பின்னையதைத் தெரிந்தனர். பவேரியாவின் விண்டிசெசன்பாக் என்னும் ஊரில் 1987 முதல் 1989 வரை 4,000 மீற்றர் ஆழமான முன்னோடித் துளை இடப்பட்டது. வெப்பம் கணித்ததினும் விரைவாக ஏறுவதை அது காட்டவே, பெருந்துளைக்கு முதலில் எண்ணிய ஆழம் 10,000 மீற்றராகக் குறைக்கப்பட்டது. 1990இல் தொடங்கிய பெருந்துளை 1994இல் 9,101 மீற்றரில் நின்றது. அடியில் வெப்பம் 260 பாகையைக் கடந்திருந்தது. முன்னோடித் துளையின் எச்சரிக்கை இல்லாதிருப்பின் எத்துணைப் பொருள் வீணாகியிருக்கும்!

அப்பெருந்துளை முடியுமுன்னரே, 1993இல், பொட்சுடாம் நகரில் ஒரு மாநாடு கூட்டப்பட்டது. இத்தகைய செலவைத் தனியொரு நாடு தாங்குதல் அரிதென்பதும், எங்கே எதற்காகத் துளையிடுவது என்பதைப் பல நாட்டாரும் கூடித் தீர்மானித்தல் வேண்டுமென்பதும் அங்கு ஆராயப்பட்டன. அதன் பயனாக 1996இல் சருவதேசக் கண்டத் துளையிடல் திட்டம் பிறந்தது. இத்திட்டத்தில், துளையிட விரும்புவோர் முதலில் ஆய்வரங்கு நடாத்தவே பொருளுதவி வேண்டலாம். இடம், ஆழம், வினா, செலவு யாவும் அவ்வரங்கிற் கடாவப்படும். எதிர்காலப் பணிகளை வகுப்பதற்கென 2005இலும் 2013இலும் பொட்சுடாமிற் பெரும் மாநாடுகளும் கூடின.

இம்முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு மகாராட்டிரத்துக் கொய்னா. அங்குள்ள அணையில் 1962இல் நீர் தேக்கத் தொடங்கியபின் நிலநடுக்கங்கள் மிகுந்தன. 1967 டிசெம்பரில் நிகழ்ந்த 6.3 அளவான நடுக்கத்தில் ஏறத்தாழ 200 பேர் மாண்டனர். தேக்கிய நீர் நடுக்கத்தை எவ்வாறு தூண்டுகின்றது என்பதை ஆழத்திலேயே அறிதல் வேண்டும் எனும் கருத்தோடு 2011 மார்ச்சில் ஐதராபாத்திலும் கொய்னாவிலும் ஆய்வரங்கு கூடியது. உடனே ஆழத் துளையிடுமாறு அவ்வரங்கு கூறிற்றில்லை; முன்னாய்வுகள் பலவற்றையே வேண்டிற்று. எரிமலைக் குழம்பாலான பாறைப்படையைத் துளைத்து, ஏறத்தாழ 1,500 மீற்றர் ஆழமான சிறு துளைகள் இடப்பட்டு, அவற்றுள் நடுக்கமானிகள் இறக்கப்பட்டன. 2014இல் அறிஞர் மீண்டும் கூடி அம்முடிவுகளை ஆராய்ந்த பின்னரே முன்னோடித் துளைக்கு வழி பிறந்தது. 2017இல் அது 3,000 மீற்றரை எட்டிற்று. 1,200 மீற்றருக்கு மேற்பட்ட குழம்புப் பாறையைக் கடந்து, அது பழைமையான கருங்கற்படையுட் புகுந்திருந்தது. அங்கு அளக்கப்பட்ட வெப்பமும் அமுக்கமும், அடுத்த துளையை எங்கே இறக்குவதெனும் ஆராய்ச்சிக்கு ஆதாரமாயின.