இறையிருப்பின் சான்று: வடலூர் அடுப்பை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

இறைவனை நம்புகிறோம் என்போரிடையே அவ்விறைவனின் இருப்பு புலப்படுகின்றதா என்னும் வினா சமய இயலுக்கு உரியதாகவே கருதப்பட்டு வந்துள்ளது. இறையிருப்பை நிறுவுவதோ மறுப்பதோ வரலாற்று ஆய்வாளர் பணியன்று. ஆயினும், ஒரு சமயக் குழுவினர் எதனை இறையிருப்பின் அடையாளமாக முன்வைத்தனர், அதற்கேற்ப ஒழுகினரா என்பன வரலாற்று வினாக்களே. இவ்வினாக்களைச் சிதம்பரம் இராமலிங்க அடிகள் (1823–1874) வடலூரில் மேற்கொண்ட முயற்சிகளை அடிப்படையாகக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

1867: இரு விடைகள்

அடிகள் 1865ஆம் ஆண்டில் சமரச வேத சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். 1867ஆம் ஆண்டில் இரு நிகழ்வுகள் நடந்தேறின. ஒன்று, அவர்தம் பாடல்கள் தொழுவூர் வேலாயுத முதலியாரின் முயற்சியால் ‘திருவருட்பா’ என்னும் பெயரில் அச்சேறியது. மற்றொன்று, அவ்வாண்டு மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. பார்வதிபுரத்து மக்கள் ஏறத்தாழ எண்பது காணி நிலத்தை இம்முயற்சிக்கு வழங்கினர். முதல் நாளில் மூட்டப்பட்ட அடுப்பு இன்றளவும் அணையாது எரிவதாக அன்பர்கள் போற்றுவர்.

இவ்விரண்டனுள் அறிஞருலகின் கவனத்தை ஈர்த்தது நூலே ஆகும். அடிகளின் பாடல்களை ‘அருட்பா’ என்றும் ‘திருமுறை’ என்றும் வழங்குதல் தகுமா என ஆறுமுக நாவலர் வினவினார். கண்டனங்களும் மறுப்புகளும் பெருகின. பூசல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. திருவருள் யார் வாக்கில் உறைகின்றது என்பதே அப்பூசலின் உயிர்நாடி எனலாம். அதே ஆண்டில் மூட்டப்பட்ட அடுப்பும் அவ்வினாவிற்கு வேறொரு விடையாக அமைந்ததனை வாதிட்டோர் போதிய அளவு கருதிப் பார்த்தாரல்லர்.

நாவலரும் 1870களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது கஞ்சித் தொட்டித் தருமம் நடத்தியவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. சொல்லால் மாறுபட்ட இருவரும் உலைமுன் ஒன்றுபட்டனர்.

உரைநடை கூறும் அடையாளம்

அடிகளின் ‘சீவகாருணிய ஒழுக்கம்’ என்னும் உரைநடை நூல் இவ்வினாவிற்குத் தெளிவான விடை பகர்கின்றது. உயிர்கள் யாவும் ஒரே இறைவனால் படைக்கப்பட்டமையால் அவற்றிடையே இயற்கையான உரிமையுறவு உண்டு. ஓருயிர் துன்புறுகையில் மற்றோருயிர் உருகுவது அவ்வுறவின் வெளிப்பாடு. துன்பங்கள் அனைத்திலும் பசியே கொடியது என அவரது வாதம் வளர்கின்றது. பசி நீங்கியவரின் அகத்திலும் முகத்திலும் பொங்கும் நிறைவில் கடவுள் விளக்கம் தோன்றுகின்றது என்பது அவ்வாதத்தின் முடிபு.

இங்கு நாம் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. இறையிருப்பின் அடையாளத்தை அடிகள் நம்பிக்கையாளரின் முகத்திலன்றி, அவரால் உணவளிக்கப்பட்டவரின் முகத்தில் காணச் சொல்கின்றார். நீறணிந்தமையோ நூல் கற்றமையோ இங்குச் சான்றாகா. சான்று கூறும் உரிமை பசித்தவருக்கே உரியதாகின்றது.

எல்லைகளும் ஏமாற்றமும்

எனினும், வடலூரைக் குறையற்ற முன்மாதிரியாகக் காட்டுதல் வரலாற்று நெறியாகாது. கொலை, புலால் தவிர்த்தோரை ‘அகவினத்தார்’ என்றும் ஏனையோரைப் ‘புறவினத்தார்’ என்றும் அடிகள் பகுத்தார். புறவினத்தாருக்கும் பசி தவிர்த்தல் கடமையென வலியுறுத்தினார். ஆயின், 1872 சனவரியில் திறக்கப்பட்ட சத்திய ஞானசபையின் உள்ளே செல்வதற்குப் புலால் தவிர்த்தலே தகுதியாயிற்று. சாதி, சமய வேலிகளைக் களைந்த இயக்கம் ஒழுக்க வேலியொன்றை எழுப்பியது. ஆயினும், அவ்வேலி உணவுப் பந்திவரை நீளவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

அன்பர்கள் தம் சொல்லைக் கேட்டிலர் என அடிகள் வருந்தியதாக வேலாயுத முதலியார் 1882ஆம் ஆண்டில் அளித்த வாக்குமூலம் கூறுகின்றது. அது பிரம்மஞான சபையின் சார்பில் வெளிவந்ததாகலின், அதிலுள்ள எதிர்காலக் கூற்றுகளை எச்சரிக்கையுடன் அணுகுதல் வேண்டும். ஆயினும், ஆசிரியரின் புகழ் பாடுவதோடு அமையாது, மாணாக்கர் தவறினர் என்பதையும் ஒரு மாணாக்கரே பதிவு செய்திருப்பது எளிதில் புறந்தள்ளத்தக்கதன்று.

1874 சனவரி 30ஆம் நாள் மேட்டுக்குப்பத்து அறையொன்றுள் சென்ற அடிகள் மீளவில்லை. ஈராண்டுகளில் சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் (1876–78) சூழ்ந்தது. பல இலட்சம் மக்கள் மாண்டனர். நாடெங்கும் கோயில்களும் அடியார்களும் நிறைந்திருந்த காலத்திலேதான் அது நிகழ்ந்தது.

முடிவுரை

தைப்பூசத்தன்று ஞானசபையில் ஏழு திரைகள் நீக்கப்பட்டுச் சோதி காட்டப்படுகின்றது. அதனைக் காணத் திரள்வோர் மிகப் பலர். அவ்வூரின் அடுப்பிற்கோ திரையில்லை. அது ஆண்டு முழுவதும் எரிகின்றது. நம் வகுப்பறைகளில் அடிகள் பெரும்பாலும் பாடல்கள் வழியாகவே அறிமுகமாகின்றார். அவற்றோடு அவரது உரைநடையையும் மாணவர் முன் வைப்போமாயின், அவர்கள் ‘இறைவன் எங்கே?’ என வினவுவதோடு அமையார். ‘பசித்தவர் நம்மைப் பற்றி என்ன சான்று கூறுவர்?’ என்றும் வினவுவர். பின்னைய வினாவிற்கு விடையிறுப்பதே நம்பிக்கையாளருக்கு அரியது.