போருக்குப் பின் பெக்கி கார்ட்டர்கள்

‘ஏஜென்ட் கார்ட்டர்’ தொடரைப் பார்த்தவர்கள் நான்கு பேர் கூடினால் இன்றும் வாக்குவாதம் வந்துவிடுகிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 2015 ஜனவரியில் தொடங்கிய தொடர் அது. முதல் நாள் ஏறத்தாழ 70 லட்சம் பேர் பார்த்தார்கள். இரண்டாவது சீசன் தொடங்கியபோது அதில் பாதிப்பேர்கூட மிஞ்சவில்லை. 18 அத்தியாயங்களோடு 2016 மே மாதம் தொடரை நிறுத்திவிட்டார்கள். கடைசிக் காட்சியில் சுடப்பட்டு விழுந்த ஜாக் தாம்ப்சன் என்ற அதிகாரி பிழைத்தாரா, சுட்டது யார் என்பதற்குத் தொடரில் பதில் கிடையாது.

கதை தொடங்குவது 1946இல், நியூயார்க்கில். போர்க்களத்தில் ஆண்களோடு தோள் சேர்ந்து நின்ற பெக்கி கார்ட்டர், போர் முடிந்ததும் ஓர் உளவு அலுவலகத்தில் கோப்பு அடுக்குகிறாள். மதியச் சாப்பாட்டுக்கு யாருக்கு என்ன வேண்டும் என்று எழுதிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

“அத்தை, அந்தக் காலத்து ஆண்களை இவ்வளவு மோசமாகக் காட்டியிருக்க வேண்டாம். ரொம்ப மிகை” என்பார் என் மருமகன். மகளுக்கு வேறு மனத்தாங்கல். “உயிரைக் கொடுத்து வேலை செய்தது அவள். பாராட்டை வாங்கிக்கொண்டது தாம்ப்சன். அதையும் பெருந்தன்மையாக விட்டுவிட்டுப் போகிறாளே, அதுதான்மா பொறுக்கவில்லை.” கதை லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போனதும் காதல் சிக்கல் மிகுந்து உளவு குறைந்துவிட்டது என்பது அவள் தோழியின் குறை. சண்டைக் காட்சிகளை நம்ப முடியவில்லை என்பவர்களும் உண்டு.

நான் வேலூரில் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவள். மோர்ஸ் சாவியில் விரல் பழகிய கடைசித் தலைமுறை எங்களுடையது. அந்தப் பழக்கத்தால்தான் இரண்டாம் உலகப் போரில் எதிரி மண்ணிலிருந்து தந்தி அடித்த பெண்களைத் தேடித்தேடிப் படித்தேன். படித்த பிறகு என் மருமகனுக்குச் சொல்ல என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது: அந்தத் தொடர் உண்மையைக் குறைத்துத்தான் காட்டியிருக்கிறது.

பிரிட்டன் 1940 ஜூலையில் எஸ்ஓஇ என்ற ரகசிய அமைப்பைத் தொடங்கியது. ஜெர்மனி பிடித்த நாடுகளுக்குள் ஆள் அனுப்பி, ரயில் பாதையைத் தகர்ப்பதும் எதிர்ப்புக் குழுக்களுக்கு ஆயுதம் சேர்ப்பதும் அதன் வேலை. முதலில் ஆண்களைத்தான் அனுப்பினார்கள். ஆனால் பிரான்சில் வேலை வயதில் இருக்கும் ஆண் தெருவில் நடந்தாலே அடையாளச் சீட்டு கேட்பார்கள். ஜெர்மன் தொழிற்சாலைக்குப் பிடித்துக்கொண்டு போவார்கள். கூடையோடு சைக்கிளில் போகும் பெண்ணை அவ்வளவாக நிறுத்துவதில்லை. அந்தத் தேவைதான் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. எஸ்ஓஇயின் பிரெஞ்சுப் பிரிவு அனுப்பிய பெண்கள் 39 பேர். 13 பேர் திரும்பவில்லை.

பெக்கியின் சண்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பெண்களில் பலருக்கு ஸ்காட்லாந்தில் துப்பாக்கியும் வெடிமருந்தும் வெறுங்கைச் சண்டையும் கற்றுக்கொடுத்தார்கள். தொடரில் வரும், மயக்கமடையச் செய்யும் உதட்டுச்சாயம் கற்பனை. நிஜத்தில் அவர்கள் கொண்டுபோனது பட்டுத் துணியில் அச்சடித்த சங்கேதக் குறிப்பு. உடையைத் தடவிச் சோதித்தாலும் சரசரக்காது என்பதால் பட்டு.

அவர்களில் என் மனத்தை விட்டு அகலாதவர் நூர் இனாயத் கான். தந்தை பரோடாவைச் சேர்ந்த சூஃபி இசைக்கலைஞர் ஹஸ்ரத் இனாயத் கான், திப்பு சுல்தான் வழிவந்தவர். 1799இல் திப்பு வீழ்ந்ததும் அவர் பிள்ளைகளை ஆங்கிலேயர் அடைத்து வைத்தது எங்கள் வேலூர்க் கோட்டையில். 1806 சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகுதான் கல்கத்தாவுக்குக் கொண்டுபோனார்கள். அந்த வம்சத்துப் பெண், ஜாதகக் கதைகளைக் குழந்தைகளுக்காக எழுதியவர், 1943 ஜூன் 16ஆம் தேதி இரவு பிரான்சுக்கு விமானம் ஏறினார். அங்கே அனுப்பப்பட்ட முதல் பெண் வயர்லெஸ் ஆபரேட்டர் அவர்தான்.

போய்ச் சேர்ந்த சில நாட்களிலேயே பாரீஸில் இருந்த எஸ்ஓஇ குழுவினரை ஜெர்மானியர் வரிசையாகப் பிடித்தார்கள். திரும்பி வந்துவிடு என்றது லண்டன். நூர் மறுத்தார். சூட்கேசில் அடைத்த கருவி ஏறத்தாழ 15 கிலோ இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மாற வேண்டும். பல மீட்டர் நீளத்துக்கு ஏரியல் கம்பி கட்ட வேண்டும். அலையை மோப்பம் பிடிக்கும் வண்டி வருமுன் செய்தியை முடிக்க வேண்டும். ஏறத்தாழ நான்கு மாதம் தாக்குப்பிடித்தார். அக்டோபரில் காட்டிக் கொடுக்கப்பட்டார்.

அதன் பிறகு நடந்ததைப் படிக்கும்போது தந்திக்காரியான எனக்கு நெஞ்சு அடைக்கும். சாவி அடிப்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கை உண்டு. ஒருவர் விடும் இடைவெளியை இன்னொருவர் விடுவதில்லை. அந்த முனையில் உட்கார்ந்திருப்பது யார் என்று பெயர் கேட்காமலே எங்களுக்குத் தெரியும். நூரின் கருவியையும் சங்கேதத்தையும் கைப்பற்றிய ஜெர்மானியர், அவர் அடிப்பதுபோலவே லண்டனுக்குச் செய்தி அனுப்பினார்கள். லண்டன் மாதக்கணக்கில் நம்பியது. அந்தச் செய்திகளை நம்பி 1944 பிப்ரவரி இறுதியில் பாராசூட்டில் இறக்கப்பட்டவர்கள் கால் தரையில் பட்டதும் சிக்கினார்கள். அவர்களில் ஒருவர் மதலேன் தமேர்மான் என்ற பெண். 1944 செப்டம்பர் 13 அன்று டாஹாவ் வதைமுகாமில் நூரைச் சுட்டுக் கொன்றபோது, அதே காலையில் தமேர்மானையும் வேறு இரண்டு பெண்களையும் கொன்றார்கள்.

1946 ஜனவரியில் எஸ்ஓஇ கலைக்கப்பட்டது. அதே ஆண்டு அதன் அலுவலகத்தில் பிடித்த தீயில் ஏராளமான ஆவணங்கள் எரிந்துபோயின. மிஞ்சிய கோப்புகள் பல பத்தாண்டுகள் பூட்டிக் கிடந்தன. கதையில் பெக்கி கோப்பு அடுக்கிக்கொண்டிருந்த அந்த ஆண்டில், வீரா அட்கின்ஸ் என்ற எஸ்ஓஇ அதிகாரி ஜெர்மனியில் முகாம் முகாமாக அலைந்துகொண்டிருந்தார். தாம் வழியனுப்பிய பெண்கள் எங்கே, எப்படி இறந்தார்கள் என்று சிறைக்காவலரையும் கைதிகளையும் கேட்டார். நூர் இறந்தது வேறொரு முகாமில் என்றுதான் முதலில் நம்பினார். பிறகே டாஹாவ் என்று தெரிந்தது. அவர் தேடியிராவிட்டால் அந்தக் குடும்பங்களுக்கு ‘காணவில்லை’ என்ற சொல்தான் மிஞ்சியிருக்கும்.

உயிரோடு திரும்பியவர்களுக்கு என்ன கிடைத்தது? பியர்ல் விதரிங்டன், தன் தலைவர் பிடிபட்டதும் குழுவைத் தானே ஏற்று ஆயிரக்கணக்கான பிரெஞ்சு வீரர்களை நடத்தியவர். அவருக்குப் பிரிட்டன் தர முன்வந்தது குடிமக்களுக்கான எம்பிஇ விருது. பெண் என்பதால் ராணுவ விருது கிடையாதாம். நான் செய்தது குடிமக்கள் வேலை அல்ல என்று அதை மறுத்தார். பிறகு ராணுவப் பிரிவில் தந்தார்கள்.

அமெரிக்கரான வெர்ஜீனியா ஹாலுக்கு ஒரு கால் மரக்கால். அதோடு லியோனில் உளவுக் குழு நடத்தி, 1942 நவம்பரில் பிரனீஸ் மலையை நடந்தே கடந்து தப்பி, 1944இல் கிழவி வேடத்தில் மறுபடி பிரான்சுக்குள் போனவர். 1945இல் அமெரிக்க ராணுவத்தின் மேன்மைமிகு சேவைச் சிலுவை அவருக்குக் கிடைத்தது. அந்தப் போரில் அதைப் பெற்ற, ராணுவம் சாராத ஒரே பெண் அவர். பிறகு சிஐஏவில் சேர்ந்தார். களத்தில் அவரளவு அனுபவம் இல்லாத ஆண்கள் அவருக்கு மேலே உயர, அவர் மேசையில் உட்கார்ந்திருந்து 1966இல் ஓய்வு பெற்றார்.

பாராட்டை விட்டுக்கொடுத்தது பெக்கியின் பெருந்தன்மை என்று சிலர் ரசிக்கிறார்கள். நான் என் மகள் பக்கம். செய்த வேலையின் கீழ் வேறொருவர் பெயர் இருந்தால், அடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் நம் பெயர் இருக்காது. விதரிங்டன் விருதைத் திருப்பியது தற்பெருமைக்காக அல்ல; ஏட்டில் சரியாக எழுது என்பதற்காக. பெக்கியும் அப்படிக் கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது சீசன் வேண்டும் என்று இன்னும் கேட்பவர்களோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். பெண் உளவாளி என்றால் பாராசூட், கைத்துப்பாக்கி, சித்திரவதை அறை என்று போர்க்காலத்தையே திரும்பத் திரும்பப் படமாக்குகிறார்கள். போர் முடிந்த மறுநாள் அவளை எந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள் என்று கேட்ட கதைகள் குறைவு. ‘ஏஜென்ட் கார்ட்டர்’ அதைக் கேட்டது. பெக்கி ஐம்பதுகளில், அறுபதுகளில் என்ன ஆனாள் என்று காட்டுவதற்குள் அதை நிறுத்தியதுதான் எனக்கு வருத்தம். வெர்ஜீனியா ஹால் மேசையில் கழித்த ஆண்டுகளும் அந்தத் தொழிலின் வரலாறுதான். அதையும் யாராவது படமாக்க வேண்டும்.