பாயோடு ஒட்டுதல்

யாழ்ப்பாணத்திலிருந்து கிழக்குக்கு வேலை மாற்றலாகிப் போகும் இளைஞனுக்கு வீட்டுப் பெரியவர்கள் ஓர் எச்சரிக்கை சொல்லி அனுப்புவார்கள்: "கவனமாயிரு தம்பி, அங்க பாயோட ஒட்டிப்போடுவினம்." மட்டக்களப்புப் பெண்கள் மருந்து கொடுத்தும் மந்திரம் செய்தும், விரித்த பாயிலிருந்து ஆளை எழும்பவிடாமல் வைத்துவிடுவார்கள் என்பது இதன் பொருள். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும்வரை அக்கரைப்பற்றும் கல்முனையும் மட்டக்களப்பு மாவட்டந்தான். ஆகவே அந்தப் பழி எங்கள் உம்மம்மாமார் தலையிலும் சேர்ந்தே விழுந்தது.

மந்திர சக்தியுள்ள பெண்ணும் சாதாரணப் பையனும் காதலிக்கும் கதை இன்று ஆங்கில இளையோர் நாவல்களில் ஒரு தனி வகை. கமி கார்சியாவும் மார்கரெட் ஸ்டோலும் சேர்ந்து எழுதி 2009இல் வெளிவந்த 'பியூட்டிஃபுல் கிரியேச்சர்ஸ்' அவற்றில் பேர்போனது. பதினாறாவது பிறந்தநாளில் அதன் நாயகி ஒளியின் பக்கமா இருளின் பக்கமா என்பது முடிவாகிவிடும். அதை வாசிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளை அவளைத் தமிழில் என்ன பெயரால் சொல்வாள்? சட்டென்று வாயில் வருவது 'சூனியக்காரி'. அந்தச் சொல்லில் காதலுக்கு இடமே இல்லை. வடமொழியில் வெறுமையையும் இன்மையையும் குறித்த சூனியம், தமிழில் பாழ் என்ற பொருளையும் ஏற்று, பிறரைப் பாழாக்கும் வினைக்கும் பெயராயிற்று. சிங்களத்தில் ஹூனியம் என்று வழங்கும் அந்தப் பெயரில் ஒரு தெய்வமே உண்டு. கெடுதி செய்யவும் செய்த கெடுதியை வெட்டவும் மக்கள் அத்தெய்வத்தை நாடுகிறார்கள்.

காதலுக்கு நெருக்கமான சொல் வசியம். வசம், வசப்படுதல் எல்லாம் அதன் உறவு. மாந்திரீகர் சொல்லும் எட்டுக் கருமங்களில் வசியம் ஒன்று, மாரணம் இன்னொன்று. ஈர்ப்பதையும் கொல்வதையும் ஒரே வரிசையில் வைத்திருக்கிறார்கள். இஸ்லாமிய மார்க்கமோ இரண்டு பக்கத்தையும் அடைத்துவிட்டது. கணவனையும் மனைவியையும் பிரிக்கும் வித்தையை ஹாரூத், மாரூத்திடமிருந்து மக்கள் கற்றதைக் குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 102ஆம் வசனம் கண்டிக்கிறது. கணவனின் அன்பைக் கட்டிவைக்கப் பெண் செய்யும் வசியத்துக்கு நபிமொழியில் 'திவலா' என்று தனிப்பெயர். அதுவும் விலக்கப்பட்டதே. தண்ணீர் ஓதிக் குடிப்பதும் நூல் ஓதிக் கட்டுவதும் எங்கள் ஊர்களில் நடந்துவந்தவைதான். ஆனால் அவை பெரும்பாலும் காய்ச்சலுக்கும் கண்ணூறுக்கும் குழந்தை வீரிட்டு அழுவதற்கும்.

சூனியம், வசியம், திவலா மூன்றுமே செயலுக்குப் பெயர். எங்களைப் பற்றிய சொல்லில் மட்டும் ஒரு வீட்டுப் பொருள் இருக்கிறது. குளக்கரையிலும் சதுப்பிலும் வளரும் பன்னை வெட்டிக் காயவைத்து, சாயமேற்றிப் பெண்கள் இழைக்கும் பன்பாய் அது. மாந்திரீகத்துக்கு மையும் தகடும் எலுமிச்சையும் இருக்க, பாய் ஏன் வந்தது என்று கேட்க வேண்டும். பாய் விரிப்பது வீட்டுக்காரி. வந்தவர் அமர்வது அவள் வீட்டில்.

வீடு அவளுடையது என்பதில்தான் இந்தச் சொல்லின் வேர் இருக்கிறது. மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்து தங்கிச் செய்த ஆய்வு, 2008இல் 'குரூசிபிள் ஆஃப் கான்ஃபிளிக்ட்' என்ற பெரிய நூலாக வந்தது. இங்கே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான தாய்வழிக் குடிமுறையை அது விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. மகளுக்கு வீடு சீதனம். மாப்பிள்ளை அங்கே போய்க் குடியிருப்பார். மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, இளையவளுக்குப் பக்கத்து வளவில் கட்டத் தொடங்குவார்கள் உம்மாவும் வாப்பாவும். பிள்ளைகள் உம்மாவின் குடி. பள்ளிவாசல் நிர்வாகத்தில் அமரும் மரைக்காயர்களும் குடிவழியே வந்தவர்கள்.

யாழ்ப்பாணத்திலும் வீடு சீதனமாகப் போவதுண்டு. ஆனால் அங்கே தாய்வழிக் குடி இல்லை. வியாபாரத்துக்கோ உத்தியோகத்துக்கோ வந்த ஆண் இங்கே கல்யாணம் செய்தால் கூரையும் வளவும், பல வேளை வயற்காணியும் பெண் பக்கத்திலிருந்து வந்தன. பிள்ளைகளும் அவள் குடியில் சேர்ந்தார்கள். அவன் திரும்பிப் போகக் காரணம் இருக்கவில்லை. காத்திருந்த தாய்க்கு அது மந்திரமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. தமிழ்நாட்டார் மந்திரவாதத்துக்குப் பேர்போன நாடாகச் சொல்வது எதை? மலையாளத்தை. அங்கும் நாயர் தறவாடுகளில் சொத்து பெண்வழியே இறங்கியது. பெண்ணின் கையில் வீடு இருக்கும் ஊர்களைப் பார்த்தே அயலார் 'மந்திரம்' என்று சொல்லியிருக்கிறார்கள் என்பது என் துணிபு. அந்தச் சொல்லை வசையாக வாங்கிக்கொண்டு எங்கள் பெண்கள் தலைகுனிய வேண்டியதில்லை. எழுதப்போகும் எங்கள் பிள்ளைகள் தங்கள் மந்திரக்காரிக்குப் பெயர் தேடி வேறெங்கும் போக வேண்டியதுமில்லை.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்துபோன பிறகு, இந்தக் கரையில் கட்டிக்கொடுத்த புதிய வீடுகளின் படிவங்களில் 'குடும்பத் தலைவர்' என்றொரு கட்டம் இருந்தது. பல இடங்களில் அதில் ஆணின் பெயர் எழுதப்பட்டது. அலை அடித்துப்போன வீடு உம்மாவின் சீதனம். பதிலாக வந்த வீட்டின் உறுதி வாப்பாவின் பெயரில். மகளுக்கு அதைச் சீதனமாக எழுத இப்போது அவருடைய கையொப்பம் வேண்டும்.