வார்டோவுக்குக் கப்பல் எத்தனை மணிக்குப் போகும்?

போன மாதம் ஒஸ்லோவிலிருந்து பெரியப்பா மூன்று கப்பல் பயணத் திட்டங்களை வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அம்மாவுக்கு அறுபது வயதாகிறது. தங்கச்சியை ஒருமுறையாவது நோர்வேக்குக் கூப்பிட்டு, அந்த வடகடலில் கப்பல் ஏற்ற வேண்டும் என்பது அவருடைய நீண்டநாள் ஆசை. "நீதானே பிள்ளை இன்ரநெற்றில எல்லாம் தேடுறனி, எது நல்லதெண்டு பாத்துச் சொல்லு" என்று பொறுப்பை என் தலையில் போட்டுவிட்டார்.

முதலாவது, இங்கிலாந்தின் சவுத்ஹம்டனிலிருந்து பெரிய சொகுசுக் கப்பலில் ஒரு கிழமை. தெற்கு நோர்வேயின் ஃபியோர்ட்டுகளை, அதாவது மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே போகும் இடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். இரண்டாவது, பேர்கன் நகரத்திலிருந்து ரஷ்ய எல்லையோரம் இருக்கும் ஷிர்க்கெனெஸ் வரை கரையோரக் கப்பலில் வடக்கே போவது. மூன்றாவது, அதே கப்பலில் போய்வர 12 நாள்.

படங்களைப் பார்த்து நான் முதலாவதைத்தான் சொன்னேன். பெரியப்பா கேட்டது ஒரே கேள்வி: "அது வார்டோவுக்கு எத்தினை மணிக்குப் போகும்?"

அது வார்டோவுக்குப் போகவே போகாது. வார்டோ என்றால் என்ன என்றும் எனக்கு அப்போது தெரியாது. அதைத் தேடப் போனதுதான் இந்தக் கட்டுரை.

கரையோரக் கப்பல் பாதையின் பெயர் ஹூர்டிக்ரூட்டன். "விரைவுப் பாதை" என்று அர்த்தம். இன்று உலகம் முழுவதும் இதை அழகான கடற்பயணம் என்று விளம்பரப்படுத்துகிறார்கள். ஆனால் அது தொடங்கியது தபாலுக்காக. அதற்கு முன் ட்ரொண்ட்ஹெய்மிலிருந்து வடக்கே ஹம்மர்பெஸ்ட்டுக்கு ஒரு கடிதம் போகக் கோடையில் மூன்று கிழமை, குளிர்காலத்தில் ஐந்து மாதம்கூட எடுக்குமாம். வளைகுடா நீரோட்டத்தின் சூட்டால் அந்தக் கரை உறைவதில்லை. பிரச்சினை இருட்டும் பாறைகளும்தான். ட்ரொண்ட்ஹெய்முக்கு வடக்கே இருந்தவை 28 வெளிச்சவீடுகள் மட்டுமே. வருடம் முழுக்க, இரவிலும் கப்பல் ஓட்ட வேண்டும் என்று அரசு கேட்டபோது பெரிய கம்பனிகள் பின்வாங்கின. ரிச்சார்ட் வித் என்ற கப்டன் ஒப்புக்கொண்டார். அவரும் வழிகாட்டி அன்டர்ஸ் ஹோல்ட்டவும் எந்தத் திசையில், எந்த வேகத்தில், எத்தனை நிமிடம் போனால் எங்கே திரும்ப வேண்டும் என்று ஏற்கெனவே குறித்து வைத்திருந்தார்கள். திசைகாட்டியும் மணிக்கூடும் போதும் என்று நம்பினார்கள். 1893 ஜூலை 2ஆம் திகதி 'வெஸ்டரோலன்' என்ற நீராவிக் கப்பல் ட்ரொண்ட்ஹெய்மிலிருந்து புறப்பட்டது. இன்று அந்தப் பாதையில் 34 துறைமுகங்கள்.

இதில் நாங்கள் எங்கே வருகிறோம்?

வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போன கதை எங்கள் எல்லாருக்கும் தெரியும். எங்கள் ஆட்கள் குளிர் கடலுக்குப் போன மற்றக் கதையை நாங்கள் குறைவாகத்தான் கதைக்கிறோம். 1956இல் யாழ்ப்பாணத்து அன்ரனி ராஜேந்திரம் நோர்வேக்குப் போனார். அங்கே திரட்டிய உதவியோடு 1960களின் பிற்பகுதியில் 'சீநோர்' தொடங்கியது. காரைநகரில் படகு கட்டினார்கள், குருநகரில் வலை பின்னினார்கள். அந்தத் தொடர்பைப் பிடித்துக்கொண்டு சில இளைஞர்கள் படிக்கவும் தொழில் பழகவும் அங்கே போனார்கள். 1975இல் நோர்வே வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுப்பதை நிறுத்தியது. ஆனால் மாணவர்களுக்குக் கதவு திறந்திருந்தது. 80களில், இங்கே நிலைமை மோசமாக மோசமாக, 'மக்கள் உயர்பாடசாலைகள்' என்ற விடுதிப் பாடசாலைகளில் இடம் எடுத்துக்கொண்டு எத்தனையோ பெடியள் போனார்கள். அகதிகளாகப் போனவர்களும் சேர்ந்தார்கள்.

அப்போது வட கோடியில் இருக்கும் பின்மார்க் மாகாணத்தின் மீன் தொழிற்சாலைகளில் ஆட்கள் போதவில்லை. அந்த ஊர் இளைஞர்கள் தெற்கே போய்க்கொண்டிருந்தார்கள். அந்த இடத்துக்கு எங்கட ஆட்கள் போனார்கள். குருநகரில் வலை இழுத்த குடும்பத்துப் பிள்ளையான பெரியப்பா வார்டோவில் கொட் மீன் வெட்டினார். "இஞ்ச மீன் பிடிச்சம், அங்க மீன் வெட்டினம், அவ்வளவுதான் வித்தியாசம்" என்று சிரிப்பார். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் எழும்பாது என்பதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்க மாட்டார். அந்த மாதங்களில் வெளியுலகத்திலிருந்து வரும் வெளிச்சம் இந்தக் கப்பல்தான் என்பார். தொண்ணூறுகளில் பலரும் செய்ததைப்போல அவரும் ஒஸ்லோவுக்கு மாறிவிட்டார்.

இன்னொன்றும் சொன்னார். தொழிற்சாலையில் அவருக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்த ஒரு கிழவி, 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வுச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாவாம். 1944 இலையுதிர்காலத்தில், பின்வாங்கிய ஜேர்மன் படை பின்மார்க்கை எரித்தபடியே போனது. ஏறத்தாழ 50,000 பேரைப் பலவந்தமாக வெளியேற்றியது. ஹம்மர்பெஸ்ட்டில் ஒரு சிறு தேவாலயம் மட்டும் எரியாமல் நின்றது. அந்தக் கிழவி அப்போது சின்னப் பிள்ளை. இரண்டு பேருக்கும் பொதுவான மொழி அரைகுறைதான். ஆனால் விளங்கப்படுத்த ஒன்றும் இருக்கவில்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு நேர அட்டவணையைத் திரும்ப எடுத்தேன். இந்தப் பாதையில் போக நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது: வடக்கே போகும்போது கப்பல் இரவில் தொடும் துறைமுகங்களைத் திரும்பி வரும்போது பகலில் தொடும். வார்டோவுக்கு வடக்கே போகும்போது வருவது விடியமுன், எல்லாரும் நித்திரையில் இருக்கிற நேரம். தெற்கே வரும்போது பின்னேரம் நாலு மணிபோல வரும், ஒரு மணித்தியாலம் நிற்கும். ஆகவே மூன்று திட்டமும் வேண்டாம் என்று நாலாவதைச் சொன்னேன். விமானத்தில் ஷிர்க்கெனெஸ் போய், அங்கிருந்து பேர்கன் வரை தெற்கே ஆறு நாள்.

மாதம் எது? கோடையில் நள்ளிரவுச் சூரியன் கிடைக்கும், வானத்து வடவொளி கிடைக்காது. நடுக்குளிரில் வடவொளி கிடைக்கும், வார்டோ இருட்டில் போய்விடும். மார்ச் கடைசி என்றால் பின்னேரம் வெளிச்சமும் இருக்கும், இரவில் வடவொளிக்கும் வாய்ப்பிருக்கும். ரிச்சார்ட் வித்தின் ஊரான ஸ்டொக்மார்க்னெஸில் கப்பல் அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். அதற்குப் பிறகு வரும் ராப்ட்சுண்ட் நீரிணையின் மலைகளையும் வெளிச்சத்திலேயே பார்க்கலாம். புகழ்பெற்ற கெய்ரங்கர் ஃபியோர்ட் மட்டும் தவறும். "அதை யூடியூப்பில பாக்கலாம் பிள்ளை" என்றார் பெரியப்பா.

2023 ஜூனில் சென்னையிலிருந்து 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தது நினைவிருக்கிறதா? இப்போது நாங்களும் யாரோ ஒருவருடைய பயணத் திட்டத்தில் ஒரு துறைமுகம். அதில் வந்தவர்களுக்கு எங்கட கரை அழகாகத்தான் இருந்திருக்கும். பக்கத்தில் இருக்கும் மயிலிட்டித் துறைமுகம் 27 வருடத்துக்குப் பிறகு 2017இல்தான் மீனவர்களிடம் திரும்பி வந்தது என்பதை அவர்களுக்கு யாராவது சொன்னார்களா தெரியாது. வார்டோவில் இறங்குகிறவர்களும் பழைய கோட்டையைப் பார்த்துவிட்டு ஓடிவந்து ஏறிவிடுவார்கள். தமிழர்கள் நின்று மீன் வெட்டிய கட்டடத்தை அவர்களுக்கு யார் காட்டப்போகிறார்கள்?

அம்மாவுக்குப் பெரியப்பா காட்டுவார். விசா இன்னும் வரவில்லை. அம்மா மட்டும் இப்பவே ஒரு கேள்வியைக் கையில் வைத்திருக்கிறா: "ஒரு மணித்தியாலம் காணுமோ?"