கிணறு வற்றவில்லை, ஆனால் அந்த நீரைக் குடிக்கலாமா?

‘நிலைபேறான அபிவிருத்தி’ என்ற சொல் திட்ட அறிக்கைகளிலும் கருத்தரங்குகளிலும் அடிக்கடி அடிபடுகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரை அதை ஒரு கேள்வியாகச் சுருக்கிவிடலாம் என்று நான் கருதுகிறேன். எங்கள் வளவுக் கிணற்று நீரை எங்கள் பேரப்பிள்ளைகளும் குடிப்பார்களா? மீள்குடியேறியவர்களில் பலர் காணிக்குள் கால் வைத்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று கிணறு இறைத்துத் துப்புரவாக்கியது. வீடு இடிந்து கிடந்தாலும் கிணறு மிஞ்சியிருந்தது.

நிலத்துக்கு அடியில்

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே எங்கள் நீருக்கு மூலம். அது சுண்ணாம்புக்கல் வெடிப்புகளின் வழியே இறங்கி, அடியில் உள்ள கடல்நீரின் மேல் நன்னீராக மிதக்கிறது. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது இதனால்தான்.

இதற்கு ஒரு பொதுவான கணக்கு உண்டு. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும். அளவுக்கு மீறி இறைத்து மேல்மட்டம் 1 அடி இறங்கினால், உப்புநீர் காலப்போக்கில் 40 அடி வரை மேலேறலாம். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனித உடலின் களைப்பே இதற்கு எல்லையாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் களைப்பதில்லை.

மூன்று ஆபத்துகள்

முதலாவது உரம். வெங்காயம், மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு விளையும் வலிகாமத்துச் செம்மண்ணில் பயிர் எடுக்காமல் எஞ்சும் யூரியா, நைத்திரேற்றாக மாறிக் கிணற்றுக்குள் இறங்குகிறது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதைத் தாண்டிய நீரில் கரைத்த பால்மா, கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனைக் குறைக்கக்கூடும். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாக ஆக அதன் செறிவு கூடவே செய்யும். குளோரின் இட்டாலும் இதில் மாற்றமில்லை.

இரண்டாவது மலசலகூடக் குழி. சிறு காணித் துண்டுகளில் அயல்வீட்டுக் குழியும் எங்கள் கிணறும் நெருங்கி நிற்கின்றன. வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல்லில் கழிவுநீர் வடிகட்டப்படாமலே விரைவாக ஓடிவிடும்.

மூன்றாவது தொழில்துறைக் கழிவு. சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், 2019 இல் உச்ச நீதிமன்றம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு தனியார் மின் உற்பத்தி நிறுவனமொன்றுக்கு உத்தரவிட்டது. மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை எங்கள் கிணறுகளுக்காக நிலைநாட்டிய தீர்ப்பு அது. ஆனாலும் மாசடைந்த நிலத்தடி நீரைப் பணத்தால் உடனே மீட்டுவிட முடியாது.

விலைக்கு வாங்கும் நீர்

இன்று பலரும் போத்தல் நீருக்கு மாறிவிட்டனர். 2024 இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அது தேவையான திட்டந்தான். ஆயினும் கடல்நீரைச் சுத்திகரிக்க மின்சாரம் வேண்டும். போத்தலுக்குக் காசு வேண்டும். குழாய்நீர் வந்துவிட்டது என்று கிணற்றைக் கைவிட்டால், அதிகம் இழப்பவர் நீருக்குக் காசு கொடுக்க முடியாதவரே.

நாம் செய்யக்கூடியவை

நீரின் நிறத்தையும் சுவையையும் நம்பாமல் பரிசோதியுங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடமோ வழி கேட்கலாம். கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு இது அவசரம். புதிய வீடு கட்டும்போது அடிப்பகுதி மூடிய, கசிவற்ற கழிவுத் தொட்டி அமையுங்கள். கூரை மழைநீரை வீதியில் விடாமல் வளவுக்குள் இறக்குங்கள். ஊர்க் குளத்தையும் கேணியையும் மண்போட்டு நிரப்ப யார் வந்தாலும் பிரதேச சபையில் கேள்வி எழுப்புங்கள். மழை நிலத்தில் இறங்கும் வாசல்கள் அவை.

உரத்தைக் குறைக்கும் சுமையை விவசாயி மீது மட்டும் போடுவது நீதியல்ல. 1990களின் பொருளாதாரத் தடையில் யூரியாவும் எரிபொருளும் இல்லாமல் பயிர் செய்தவர்கள் அவர்கள். 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டபோதும் அடி வாங்கியவர்கள் அவர்களே. மண்ணைப் பரிசோதித்து அளவோடு உரமிட ஆலோசனை வேண்டும். அப்படி விளைந்த வெங்காயத்தைச் சந்தையில் நியாய விலைக்கு வாங்க நாமும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

காணிகளைப் பிரிக்கும் வேலி நிலத்துக்கு மேலே மட்டுந்தான் இருக்கிறது. கீழே உள்ள நீர் எல்லோருக்கும் பொது.