லேப்டாப்புக்குள்ள ஒரு சர்வர்

2008 பிப்ரவரியில விண்டோஸ் சர்வர் 2008 வந்தது. நிறுவனங்களோட சர்வர்களுக்கான சிஸ்டம். ஆனா சில டெவலப்பர்கள் அதை லேப்டாப்ல போட்டாங்க. ஏன்? ஒரே கணினிக்குள்ள பல கணினிகளை ஓட்டுற ஹைப்பர்-வி, விஸ்டாவில கிடையாது.

சிக்கல் கிராபிக்ஸ் டிரைவர்தான். லேப்டாப் கம்பெனிகள் பொதுவா சர்வருக்குன்னு டிரைவர் தரமாட்டாங்க. நல்லவேளை, சர்வர் 2008-க்கும் விஸ்டா எஸ்பி1-க்கும் அடிப்படை ஒண்ணுதான். அதனால விஸ்டா டிரைவரே பெரும்பாலும் ஓடிடும். இன்ஸ்டாலர் மறுத்தா, ஃபைலைப் பிரிச்சு டிவைஸ் மேனேஜர் வழியா கையால ஏத்திப் பார்க்கணும்.

ஆனா அந்த டிரைவரோட ஹைப்பர்-வியையும் ஆன் பண்ணா, சில லேப்டாப்ல திரை திணறும். மைக்ரோசாஃப்டே ஒப்புக்கிட்ட பிரச்னை இது. எதுக்காக சர்வரைப் போட்டாங்களோ, அதுவே இடைஞ்சல்! 2012-ல விண்டோஸ் 8 ப்ரோவுக்கே ஹைப்பர்-வி வந்தது. அதுக்கப்புறம் அதுக்காக லேப்டாப்ல சர்வர் போடத் தேவையில்லாம போச்சு.